20 லட்சத்துக்கு பென்ஸ் கிடைக்குது... ஆனா, வாங்கலாமா?

புது க்ரெட்டாவின் டாப் மாடலுக்கு ஆன்ரோடு விலை கேட்டுப் பாருங்கள். 20 லட்சத்தைத் தாண்டிப் போகும். அதே காசைக் கையில் வைத்துக்கொண்டு பழைய கார் ஆப்களைத் திறந்தால், 2017, 2018-ம் வருட பென்ஸ் இ-கிளாஸும் பி.எம்.டபிள்யூ 5 சீரிஸும் 'என்னையும் கொஞ்சம் பாரேன்' என்று பளபளவென வந்து நிற்கும். இன்னும் நாலைந்து லட்சம் சேர்த்தால் நல்ல கண்டிஷனிலேயே கிடைக்கும். கீழே, "சிங்கிள் ஓனர், டாக்டர் யூஸ் பண்ணது" என்று ஒரு வரி. தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் சொகுசு கார்களையெல்லாம் டாக்டர்கள்தான் ஓட்டியிருக்கிறார்கள் என்றால், அவர்கள் கிளினிக்குக்கு எப்போது போனார்கள் என்று தெரியவில்லை.

இந்த வாரம் அந்த ஆசையைத்தான் பேசப் போகிறோம். பழைய சொகுசு செடான்களில் எது உட்கார சுகம், எது நடுரோட்டில் நிறுத்தாது. இரண்டும் ஒரே காரில் கிடைப்பது அபூர்வம்.

முதலில், விலை ஏன் இப்படி விழுகிறது?

2017-ல் இ-கிளாஸ் வந்தபோது ஷோரூம் விலையே 55 லட்சத்துக்கு மேல். 5 சீரிஸ் சுமார் 50 லட்சத்தில் ஆரம்பித்தது. இன்று பாதிக்கும் கீழே. இந்த வகை கார்களை நிறையப் பேர் கம்பெனி பெயரில் வாங்குகிறார்கள். வருமான வரிக் கணக்கில் வருடத்துக்கு 15 சதவிகிதம் தேய்மானம் காட்டலாம். மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டு, புது மாடல் வந்ததும் மாற்றிவிடுவார்கள். வாங்கும் பக்கத்தில் ஆட்கள் குறைவு, ஏனென்றால் எல்லோருக்கும் சர்வீஸ் பில் பயம்.

அந்தப் பயம் நியாயமானதுதான். காரின் விலைதான் பாதியாகிறது, உதிரி பாகத்தின் விலை பாதியாவதில்லை. 22 லட்சத்துக்கு வாங்கிய இ-கிளாஸின் எல்.இ.டி ஹெட்லைட்டை ஒரு மாடு இடித்து உடைத்தால், அந்த ஹெட்லைட்டுக்கு நீங்கள் 22 லட்சம் கார்க்காரர் இல்லை. 60 லட்சம் கார்க்காரர். ஒரு பக்க ஹெட்லைட்டே லட்சத்தைத் தாண்டும்.

பின் சீட்டா, டிரைவர் சீட்டா?

'கம்ஃபர்ட்' என்ற வார்த்தையை எல்லா ரிவ்யூவிலும் சொல்கிறார்கள். யாருக்கு கம்ஃபர்ட் என்பதைச் சொல்வதில்லை.

பின்னால் உட்காருபவருக்கு என்றால், பேச்சே வேண்டாம், இ-கிளாஸ்தான். 2017-ல் இந்தியாவுக்கு வந்தது சாதாரண இ-கிளாஸ் அல்ல, நீட்டப்பட்ட மாடல். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 3,079 மி.மீ. உலகின் மற்ற நாடுகளில் விற்ற சாதாரண மாடலைவிட 14 செ.மீ அதிகம், அந்த 14 செ.மீ-யும் பின் சீட்டுக்காரரின் காலுக்குத்தான். சீட்டை பட்டனால் 37 டிகிரி வரை சாய்க்கலாம். செங்கல்பட்டு டோலில் ஏறிச் சாய்ந்தால் விக்கிரவாண்டி டோலில் கண் விழிக்கலாம்.

இரண்டு குறை உண்டு. ஒன்று, ஸ்டெப்னி டிக்கிக்கு அடியில் இல்லாமல், டிக்கி தரையின் மேலேயே படுத்திருக்கும். நாலு பேர் கொடைக்கானல் போகிறோம் என்றால் பெட்டிகளை அதன் மேல்தான் அடுக்க வேண்டும். 55 லட்ச ரூபாய் காரில் இப்படி ஓர் ஏற்பாட்டை யார் யோசித்தார்களோ! இரண்டு, சக்கரங்களுக்கு இடையே நீளம் கூடிப்போனதால் நம் ஊர் ஸ்பீடு பிரேக்கர்களில் நடு வயிறு தட்டும். வாங்கும் முன் காரைத் தூக்கி அடியில் பாருங்கள், கீறல் இல்லாத இ-கிளாஸ் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

ஓட்டுபவருக்கு என்றால் 5 சீரிஸ். ஸ்டீயரிங்கைப் பிடித்த பத்தாவது நிமிடமே தெரிந்துவிடும். இந்தியாவில் விற்கும் 5 சீரிஸ் நம்ம செங்கல்பட்டு பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் இருக்கும் ஆலையில் அசெம்பிள் ஆவதுதான். 2007-லிருந்து அந்த ஆலை ஓடுகிறது. பின் சீட்டும் மோசமில்லை, ஆனால் இ-கிளாஸின் கால் நீட்டல் கிடையாது. இன்னொன்று, பல பி.எம்.டபிள்யூ-க்களில் ரன்-ஃப்ளாட் டயர் இருக்கும். பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓட்டலாம் என்பது நல்ல விஷயம். அதற்காக டயரின் பக்கச் சுவரைக் கெட்டியாகச் செய்திருப்பார்கள். பள்ளத்தில் இறங்கினால் முதுகு சொல்லும். நான்கையும் மாற்ற வேண்டிய நேரத்தில் வாங்கினீர்கள் என்றால் முதுகோடு பர்ஸும் சொல்லும்.

பி.எம்.டபிள்யூ லோகோதான் வேண்டும், ஆனால் அம்மா அப்பா பின்னால் உட்காருவார்கள் என்றால், 6 சீரிஸ் ஜி.டி-யைத் தேடுங்கள். கணக்குப்படி அது செடான் இல்லை. ஆனால் 3,070 மி.மீ வீல்பேஸ், பின்பக்கம் ஏர் சஸ்பென்ஷன், சீட்டும் சற்று உயரம்.

கேம்ரி ஹைபிரிடுக்கும் லெக்சஸ் இ.எஸ். 300எச்-சுக்கும் வருவோம். 2018, 2019-ல் வந்த தலைமுறையில் இரண்டும் ஒரே அடித்தளத்தில் உருவானவை, அதே 2.5 லிட்டர் ஹைபிரிட் இன்ஜின் குடும்பம். அண்ணன் தம்பி மாதிரி. தம்பி நல்லாப் படித்தவன், அண்ணன் நல்லா டிரஸ் பண்ணுபவன். 2019 கேம்ரியில் பின் சீட்டை பட்டனால் சாய்க்கலாம், நடுக் கைப்பிடியிலேயே ஏ.சி, மியூசிக் கன்ட்ரோல் இருக்கும். டிராஃபிக்கில் பாதி நேரம் இன்ஜினே ஓடாது. அந்த நிசப்தம் ஒரு தனி சுகம், பழைய டீசல் பென்ஸில் அது கிடையாது.

ஸ்கோடா சூப்பர்பை 'சொகுசு' என்று நிறையப் பேர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். லோகோவை மறைத்துவிட்டு பின் சீட்டில் உட்காரச் சொல்லுங்கள், பேசிக்கொள்ளலாம். டிக்கி 625 லிட்டர், கல்யாண வீட்டுச் சாமானே போகும்.

"அப்பா பின் சீட்டுல உட்கார்ந்ததே இல்ல"

இந்தக் கட்டுரைக்குக் காரணம் திருச்சி வாசகி ஒருவரின் மெயில். அவர் அப்பா 26 வருடம் கரூரில் ஒரு முதலாளிக்கு டிரைவர். அதில் பாதி வருடம் பென்ஸ். ஆயிரம் முறை பின் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார், ஒரு முறைகூட அந்த சீட்டில் உட்கார்ந்ததில்லை. இப்போது ஓய்வில் இருக்கிறார், போன வருடம் முழங்கால் ஆபரேஷன். மகளிடம் ஆறு வருட ஐ.டி வேலையில் சேர்த்த 18 லட்சம் இருக்கிறது. பழைய பென்ஸ் வாங்கி அப்பாவைப் பின்னால் உட்கார வைத்து வேளாங்கண்ணி கூட்டிப்போக வேண்டும். 'எந்த மாடல் வாங்கலாம்?' என்பதுதான் கேள்வி.

போன் செய்தேன். அப்பாவும் லைனில் வந்தார். அவருக்கு இந்த யோசனையே பிடிக்கவில்லை. "ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்துப் பை இருக்கும் தம்பி அதுல. ஒண்ணு போச்சுன்னு வண்டி மூணு வாரம் ஷெட்ல நின்னுச்சு. பில்லை நான்தான் முதலாளிகிட்ட கொண்டுபோய்க் கொடுத்தேன். எம் பொண்ணுகிட்ட அப்படி ஒரு பில்லை யாரு கொண்டுவந்து கொடுக்குறது?" என்றார்.

"அங்கிள், எல்லா பென்ஸ்லயும் அது கிடையாது" என்று ஆரம்பித்தேன். "தெரியும் தம்பி. இருந்தாலும்..." என்று நிறுத்திவிட்டார்.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், இருவருமே கேட்காத கேள்வி ஒன்று உண்டு. ஆபரேஷன் செய்த முழங்காலோடு ஒரு தாழ்வான செடானில் ஏறி இறங்க முடியுமா? உட்கார்ந்த பிறகு சொகுசுதான். ஆனால் இ-கிளாஸ், 5 சீரிஸ், கேம்ரி எல்லாமே இடுப்பைக் கீழே இறக்கி உள்ளே போக வேண்டிய கார்கள். இறங்கும்போது முழங்கால்தான் உடம்பு முழுவதையும் தூக்க வேண்டும். இந்த விஷயத்தில் ஒரு பழைய இன்னோவா க்ரிஸ்டா எந்த பென்ஸையும் ஜெயிக்கும். அதனால் மாடல், வருடம், கிலோமீட்டர் எல்லாவற்றுக்கும் முன்னால், அப்பாவைக் கூட்டிப்போய் ஐந்து முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள் என்றேன். மூன்றாவது முறையில் முகம் சுளித்தால் அந்த கார் வேண்டாம்.

சிரமம் இல்லை என்றால்? 18 லட்சம்தான் மொத்தக் கையிருப்பு என்றால் 18 லட்சத்துக்குக் கார் வாங்கக் கூடாது. 15-க்கு வாங்கி 3 லட்சத்தைத் தனியாக வைக்க வேண்டும். 15-க்குள் நான் தேடினால் கொஞ்சம் பழைய கேம்ரி ஹைபிரிட் அல்லது டீசல் சூப்பர்ப். 'பென்ஸ்தான்' என்று மகள் பிடிவாதமாக இருந்தால், இன்னும் ஒன்றிரண்டு வருடம் சேமித்துவிட்டு, காற்றுப் பை இல்லாத சாதாரண ஸ்பிரிங் சஸ்பென்ஷன் உள்ள இ220டி. அந்தத் தலைமுறையில் காற்றுப் பை வந்தது மேல் மாடலான இ350டி-யில். இரண்டும் விளம்பரப் படத்தில் ஒரே மாதிரிதான் தெரியும், கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

எங்கே காலை வாரும்?

காற்றுப் பையிலிருந்தே தொடங்கலாம். ஏர் சஸ்பென்ஷனில் எஃகு ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் பை, அதில் காற்று நிரப்ப ஒரு கம்ப்ரஸர். ரப்பர் வருடம் ஆக ஆக, நம் வெயிலில் வெடிப்பு விடும். காற்று கசியும். கசிவை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடி அதுவும் கெடும். அதாவது, ஒரு பையைச் சமயத்தில் மாற்றாவிட்டால் கம்ப்ரஸருக்கும் சேர்த்து அழ வேண்டும். இன்னோவா விலையில் பழைய எஸ்-கிளாஸ் கிடைக்கிறது என்று ஆசைப்படுபவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கவும். எஸ்-கிளாஸில் ஏர் சஸ்பென்ஷன்தான் வரும். கண்டுபிடிக்கச் சுலப வழி: ராத்திரி நிறுத்திய காரைக் காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் போய்ப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் உட்கார்ந்திருந்தால் வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.

பி.எம்.டபிள்யூ-வில் பார்க்க வேண்டியது டைமிங் செயின். 2010-ல் வந்த 5 சீரிஸ் தலைமுறையின் ஆரம்பகால 520டி-யில் இருந்தது என்47 என்ற டீசல் இன்ஜின். அதில் செயின், இன்ஜினின் முன்பக்கம் இல்லாமல் கியர்பாக்ஸ் பக்கம், அதாவது பின்பக்கம் இருந்தது. 2011-க்கு முந்தைய இன்ஜின்களில் அந்தச் செயின் தேய்ந்து அறுந்த கதைகள் உலகம் முழுக்க உண்டு. செயின் விலை பெரிதில்லை. அதை எட்டிப் பிடிக்க இன்ஜினையோ கியர்பாக்ஸையோ கழற்ற வேண்டும், அங்கேதான் செலவு. அறுந்தால் இன்ஜினே போச்சு. பிறகு வந்த பி47 இன்ஜினிலும் செயின் பின்னால்தான், ஆனால் பெயர் கெடவில்லை. 2017-க்குப் பிந்தைய 520டி-யில் இருப்பது அதுதான். 10, 12 லட்சத்துக்கு ஒரு பழைய 5 சீரிஸ் கிடைக்கிறது என்றால், வருடத்தோடு இன்ஜின் எது என்றும் கேளுங்கள்.

சோதிக்க ஒரு வழி இருக்கிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, பின்பக்கமிருந்து சங்கிலி உரசும் கரகர சத்தம் வருகிறதா என்று கேட்க வேண்டும். புரோக்கருக்கும் இது தெரியும். நீங்கள் வரும் முன்னாலேயே ஒரு ரவுண்டு ஓட்டி சூடாக்கி வைத்திருப்பார். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் 'நாளைக்குக் காலையில் வர்றேன் அண்ணே' என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

2018-ல் தென் கொரியாவில் அடுத்தடுத்து பி.எம்.டபிள்யூ டீசல் கார்கள் தீப்பிடித்தது நினைவிருக்கலாம். அதில் 520டி-தான் அதிகம். இ.ஜி.ஆர் கூலர் என்ற பாகத்தின் கோளாறுதான் காரணம் என்று கம்பெனியே பல நாடுகளில் கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்தது. நீங்கள் பார்க்கும் காருக்கு அப்படி ஏதாவது ரீகால் வேலை பாக்கி இருக்கிறதா என்று சேஸிஸ் நம்பரைக் கொடுத்து அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கேட்கலாம். இதற்குக் காசு கிடையாது, ஆனால் நிறையப் பேர் கேட்பதே இல்லை.

கியர்பாக்ஸ் விஷயத்தில் 5 சீரிஸுக்கு நல்ல மார்க். இசட்.எஃப் கம்பெனியின் 8 ஸ்பீடு ஆட்டோமேட்டிக், சிக்கல் தராத பெட்டி. 'ஆயுளுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், 80,000 முதல் 1,20,000 கி.மீ-க்குள் மாற்றச் சொல்வது அதைச் செய்த இசட்.எஃப் கம்பெனியே.

ஆடி ஏ6? 2015-க்கு முந்தைய 2 லிட்டர் டீசலில் மல்டிட்ரானிக் என்ற சி.வி.டி கியர்பாக்ஸ். தள்ளித் தள்ளி இழுக்கும் புகார் அதிகம். அதன் பிறகு வந்தது 7 ஸ்பீடு டியூயல் கிளட்ச், அது பரவாயில்லை. உள்ளே உட்கார்ந்தால் மூன்று ஜெர்மன்களில் ஃபினிஷிங் இதில்தான் அழகு. விலையும் இதில்தான் அதிகம் விழுகிறது. 2020-ல் பி.எஸ் 6 வந்ததும் ஆடி இந்தியாவில் டீசலையே நிறுத்திவிட்டது என்பதால், பழைய டீசல் ஆடியை மறுபடி விற்கப் போகும்போது நீங்கள்தான் அலைய வேண்டியிருக்கும். சூப்பர்பிலும் இதே ஜாக்கிரதை வேண்டும். 2016-க்குப் பின் வந்த 1.8 பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் இருக்கும் உலர் கிளட்ச் டி.எஸ்.ஜி, டிராஃபிக்கில் சூடாகித் தகராறு செய்யும். டீசலில் இருப்பது ஆயிலில் ஊறிய கிளட்ச், உழைக்கும்.

ஹைபிரிடுக்கு வந்தால் எல்லோரும் கேட்பது, "பேட்டரி போச்சுன்னா?" 2019 கேம்ரிக்கு ஹைபிரிட் பேட்டரி வாரன்டி 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. பேட்டரி இருப்பது பின் சீட்டுக்கு அடியில். அதைக் குளிர்விக்க கேபினிலிருந்தே காற்று இழுக்கும் ஓட்டை சீட்டுக்குக் கீழே இருக்கும், அதில் ஃபில்டரும் உண்டு. அதில் தூசியும் நாய் முடியும் அடைத்தால் பேட்டரி சூடாகி ஆயுள் குறையும். டார்ச் அடித்துப் பாருங்கள். ஃபில்டரைச் சுத்தம் செய்ய ஆகும் செலவு ஒரு பிரியாணி விலைதான். கியர் மாற்ற பெல்ட்டோ கிளட்சோ இதில் கிடையாது. பாதி பிரேக்கை மோட்டாரே பிடித்துக்கொள்வதால் பிரேக் பேடும் நிறைய நாள் வரும்.

அமெரிக்காவில் ஜே.டி. பவர் நிறுவனம் மூன்று வருடம் ஓடிய கார்களை வைத்து எடுக்கும் நம்பகத்தன்மை ஆய்வில் 2023, 2024, 2025 மூன்று வருடமும் முதலிடம் லெக்சஸுக்கு. அது அவர்கள் ரோடு, அவர்கள் பெட்ரோல். நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் நிம்மதியாகத் தூங்க ஒரு காரைச் சொல் என்றால் 2020-க்குப் பிந்தைய, பிடதியில் அசெம்பிள் ஆன இ.எஸ். 300எச்-சைத்தான் சொல்வேன். கேம்ரியைவிட விலை கூட, விற்பவர்களும் குறைவு. ஊருக்குப் பக்கத்தில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கேம்ரிக்கு அந்தக் கவலை குறைவு, டொயோட்டா சர்வீஸ் பெரும்பாலான மாவட்டத் தலைநகரங்களில் இருக்கிறது.

தண்ணீரில் நின்ற கார்

மாடல் நல்லதா கெட்டதா என்ற பேச்செல்லாம் வெள்ளத்தில் நிற்காத காருக்குத்தான். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை கார்கள் மூழ்கின என்று எல்லோரும் பார்த்தோம். இன்ஷூரன்ஸ் கம்பெனி 'டோட்டல் லாஸ்' என்று கைகழுவிய கார்கள் ஏலத்துக்குப் போய், கழுவித் துடைத்து, வேறு ஊரில் விற்பனைக்கு வருவது உண்டு. மாருதி நனைந்தால் காய வைக்கலாம். இந்தக் கார்களில் சீட்டுக்கு அடியில், டிக்கிக்குள், தரை விரிப்புக்குக் கீழே எங்கு பார்த்தாலும் எலெக்ட்ரானிக்ஸ். 5 சீரிஸில் பேட்டரியே டிக்கியில்தான். ஒரு வருடம் நன்றாக ஓடிவிட்டு, பிறகு கனெக்டர்களில் பச்சை பூத்து, வாரம் ஒரு வார்னிங் லைட் எரியும்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். கழுவுபவர்கள் அந்த முனையைக் கழுவ மறந்திருப்பார்கள், சேற்றுக் கறை அப்படியே இருக்கும். சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்தில் துரு, டிக்கி தரை விரிப்புக்கு அடியில் மண், ஏ.சி போட்டதும் புளித்த வாடை, ஹெட்லைட்டுக்குள் நீர்த்துளி. இதில் இரண்டு இருந்தால் பேரமே வேண்டாம். சந்தேகமே இல்லாவிட்டாலும் ஸ்கேனர் போட்டுப் பார்க்கும் மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் சில ஆயிரம்தான் இந்த வியாபாரத்திலேயே மலிவான செலவு.

மீட்டரைக் குறைப்பதும் சகஜம். 40,000 கி.மீ ஓடிய காரில் ஸ்டீயரிங் தோல் வழுக்கி, பிரேக் பெடல் ரப்பர் தேய்ந்திருக்காது. பி.எம்.டபிள்யூ சாவிகளில் கிலோமீட்டர், சர்வீஸ் விவரம் பதிவாகும், சர்வீஸ் சென்டரில் அதைப் படித்துச் சொல்வார்கள்.

டெல்லி வண்டி, புதுச்சேரி வண்டி

டெல்லியில் 10 வருடம் தாண்டிய டீசல் கார்களை ஓட்டக் கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொல்ல, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பிறகு அந்த விதி நீதிமன்றத்தில் பல திருப்பங்களைக் கண்டுவிட்டாலும், அந்தப் பயத்தில் டீசல் சொகுசு கார்களைத் தெற்கே தள்ளிவிடும் வழக்கம் நிற்கவில்லை. கோவை, கேரளா பக்கம் மலிவாக வரும் பல கார்களின் கதை இதுதான். கார் மோசம் என்று இல்லை, உப்புக் காற்று படாததால் துருவே இல்லாத டெல்லி கார்களும் உண்டு. ஆனால் என்.ஓ.சி கையில் இருக்கிறதா, பழைய லோன் கழிக்கப்பட்டதா என்று பார்த்துவிட்டு, தமிழ்நாட்டில் கட்ட வேண்டிய சாலை வரியைக் கணக்கில் சேருங்கள். 2023 நவம்பரிலிருந்து இங்கே 20 லட்சத்துக்கு மேலான புது காருக்கு ஆயுள்கால வரி 20 சதவிகிதம். பழைய காருக்கு வயதைப் பொறுத்துக் குறையும். ஆனாலும் காரின் அன்றைய விலையை வைத்துப் போடுவதால், 'ரெண்டு லட்சம் கம்மி' என்று டெல்லியில் கிடைத்த லாபம் ஆர்.டி.ஓ ஆபீஸ் கவுன்ட்டரில் கரைந்துவிடும்.

புதுச்சேரி நம்பர் பிளேட்டும் அப்படித்தான். 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் ஓடும் காரை அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். முன்பு வைத்திருந்தவர் சமாளித்து ஓட்டியிருக்கலாம். சோதனையில் மாட்டும்போது ஆர்.சி-யில் உங்கள் பெயர்தான் இருக்கும். அந்த வரியை விலையிலேயே கழித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், முடியாது என்றால் தமிழ்நாடு பதிவு வண்டியாகத் தேடுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டால் எத்தனையாவது ஓனர், இன்ஷூரன்ஸ் எதுவரை, லோன் இருக்கிறதா என்று வரும். "டாக்டர் யூஸ் பண்ணது, சிங்கிள் ஓனர்" என்று சொன்ன அண்ணனிடம் அந்த ஸ்கிரீனைக் காட்டிவிட்டுப் பேரத்தை ஆரம்பியுங்கள்.